கோவேறு கழுதைகள் ஜெயிக்கப்போகும் வருஷம்

வெர்லின் ஸ்டட்ஸ்மன் வீட்டு ஹீட்டர் பழுது பார்க்கிறவர். அக்டோபரில் முதல் குளிர் தட்டியதும், அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் இருக்கும் கிரெஸ்வெல் ஊரில் பாதிப் பேர் அவரைத்தான் கூப்பிடுவார்கள். வருவார், நிலவறைக்குள் இறங்குவார், ஹீட்டரின் மூடியைக் கழற்றுவார். கழற்றிய கையோடு ஸ்குரூடிரைவரை ஆட்டி ஆட்டி அந்த வருஷத்துக் கூடைப்பந்து நிலவரத்தைச் சொல்ல ஆரம்பித்துவிடுவார். வீட்டுக்காரர்கள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, பல் கிட்டிக்கக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். முதலில் ஹீட்டரைப் பற்றவையுங்கள் என்று ஒருவரும் சொன்னதில்லை. இந்தியானாக்காரர்களுக்கு எது முக்கியம் என்று தெரியும்.

நிலவரம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. கிரெஸ்வெல் கல்லூரி அணி இந்த வருஷம் ஜெயிக்கப்போகிறது. போன வருஷமும் ஜெயிக்கப்போகிறதாகத்தான் இருந்தது. அதற்கு முந்தின வருஷமும் அப்படியே. அணியின் பெயர் கோவேறு கழுதைகள். கல்லூரியை ஆரம்பித்த பாதிரியார் கோவேறு கழுதை மேல் ஏறி இந்த ஊருக்கு வந்தாராம், அதனால் அந்தப் பெயர். சட்டை, தொப்பி, காபிக் கோப்பை, கைக்குழந்தையின் குல்லா என்று எதை எடுத்தாலும் ஒரு கழுதை பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கும். ஒரே ஒரு ஆட்டத்தைப் பார்த்துவிட்டு அந்தப் படத்தைப் பார்த்தால் அது யாரைப் பார்த்துச் சிரிக்கிறது என்று புரிந்துவிடும்.

ஒவ்வொரு மார்ச்சிலும் நாடு முழுவதிலிருந்தும் நல்ல அணிகளாகப் பொறுக்கியெடுத்து ஒரு தேசியப் போட்டி நடத்துவார்கள். கழுதைகள் அதற்குக் கடைசியாகப் போனது இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால். டேட்டன் நகரில் ஒரே ஒரு ஆட்டம். இடைவேளைக்குள் கதை முடிந்துவிட்டது. வெர்லின் அங்கே இருந்தார். அதே நாளில் கிரெஸ்வெல் ஆஸ்பத்திரியில் அவர் மனைவி நோரீன், மகள் டெஸ்ஸைப் பெற்றெடுத்தாள். அங்கே வெர்லின் இல்லை. டாக்டர் சொன்ன தேதிக்கு முன்பே குழந்தை அவசரப்பட்டுவிட்டது என்பது அவர் கட்சி. தனக்கு வலி எடுத்த பிறகுதான் அவர் காரைக் கிளப்பினார் என்பது நோரீன் கட்சி. ஊருக்குள் வெர்லின் இதை மார்தட்டிச் சொல்லிக்கொள்வார். "எம் பொண்ணு பொறந்த அன்னைக்கு நாங்க டேட்டன்ல ஆடினோம்" என்பார். அவர் பந்தைத் தொட்டது பள்ளிக்கூடத்தோடு சரி. ஆனாலும் ஜெயித்தால் "நாங்க" என்பார், தோற்றால் "அவனுங்க" என்பார். டேட்டனுக்கு மட்டும் விதிவிலக்கு.

அந்த டேட்டன் பயணத்துக்குப் பிறகு ஊரில் ஒரு வழக்கம் வந்துவிட்டது. மார்ச் மூன்றாம் வாரம் யாரும் எந்த விசேஷமும் வைக்கமாட்டார்கள். கல்யாணம் கிடையாது, ஞானஸ்நானம் கிடையாது, முட்டி ஆபரேஷன்கூடக் கிடையாது. கழுதைகள் தேசியப் போட்டிக்குப் போய்விட்டால் யார் கூடப் போவது? ஒரு தடவை செத்துப்போன ஒருவரை அடக்கம் செய்வதையே அடுத்த வாரத்துக்குத் தள்ளிவைத்தார்கள். அவர் வீட்டாருக்கு அதில் பெருமைதான். இப்படியாக ஊரே அந்த வாரத்தைக் கூட்டிப் பெருக்கிக் காலியாக வைத்துக்கொண்டு, கழுதைகள் வீட்டில் உட்கார்ந்திருக்க, தானும் வீட்டில் உட்கார்ந்திருக்கும்.

இந்த வருஷம் நம்பிக்கைக்குக் காரணம் கோல்பி. நெப்ராஸ்காவிலிருந்து வந்த ஏழடிப் பையன். அவன் ஆடுகிற வீடியோ ஒன்று ஊரில் எல்லார் போனிலும் இருந்தது. ஓடி வந்து எம்பிக் கூடைக்குள் பந்தை அறைகிறான், வளையம் ஆடுகிறது. ஆளில்லாத அரங்கில், எதிரணி என்று ஒன்று இல்லாமல், தன்னந்தனியாக அறைகிறான். தடுக்க ஆளே இல்லாதபோது நானும் நீங்களும்கூட முக்காலி போட்டு அறையலாம். அதை யாரும் யோசிக்கவில்லை. வெர்லின் அந்த வீடியோவை நிலவறைகளில் டார்ச் வெளிச்சத்தில் காட்டிக்கொண்டிருந்தார்.

அந்த அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஃபோர்ட் வேன் நகரத்துப் பல் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் டெஸ் மதியச் சாப்பாட்டுக்கு வந்திருந்தாள். மசித்த உருளைக்கிழங்கின் மேல் நூடுல்ஸும் மாட்டிறைச்சியும் போட்டு நோரீன் பரிமாறினாள். வெர்லின் முதல் வாயை எடுத்து வைக்கும்போது டெஸ் விஷயத்தைச் சொன்னாள்.

"அப்பா, கல்யாணத் தேதி முடிவாயிடுச்சு. மார்ச் மூணாவது சனிக்கிழமை. மண்டபத்தைப் பாதி வாடகைக்குக் குடுத்துட்டாங்க."

"குடுப்பாங்க. அந்த வாரத்துல எந்தப் பைத்தியக்காரன் எடுப்பான்?"

"நான் எடுத்திருக்கேன்பா."

வெர்லின் கரண்டியைக் கீழே வைத்தார். மாப்பிள்ளை ஆண்டர்ஸுக்குப் பெரிய ஏரிகளில் இரும்புத்தாது ஏற்றிப்போகும் கப்பலில் வேலை. பனி உருகிக் கப்பல் கிளம்பிவிட்டால் அடுத்த ஜனவரி வரை ஆளைப் பிடிக்க முடியாது. ஜனவரியில் வைக்கலாமா என்று டெஸ் முதலிலேயே கேட்டிருந்தாள். பக்கத்து ஊர்க் கல்லூரியோடு ஆட்டம் இருக்கிறது என்றார் வெர்லின். பிப்ரவரி என்றாள். உள்ளூர் ஆட்டங்கள் எல்லாம் பிப்ரவரியில்தான் என்றார். மிச்சம் இருந்தது மார்ச். மினசோட்டாவில் ஐஸ் ஹாக்கி பார்த்து வளர்ந்த ஆண்டர்ஸுக்கு இதெல்லாம் வேடிக்கையாக இருந்தது. மாமனார் விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டிருந்தான், பாவம்.

"எனக்கு வேற ஒண்ணும் வேணாம்பா" என்றாள் டெஸ். "சர்ச்சுக்குள்ள என் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போங்க. வரேன்னு இப்பவே ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும்."

ஒரு வார்த்தைதான். வெர்லினுக்கு மகள் மேல் உயிர். சின்ன வயதில் அவளுக்குக் காய்ச்சல் வந்தால் அவர் சோறு தண்ணீர் இல்லாமல் பக்கத்திலேயே கிடப்பார், ஆட்டம் இல்லாத நாளாக இருந்தால். ஆனால் இந்த வார்த்தையைச் சொல்வது எப்படி? மார்ச் மூன்றாம் சனிக்கிழமை நான் கிரெஸ்வெல்லில் இருப்பேன் என்று சொன்னால், கழுதைகள் எங்கும் போகப்போவதில்லை என்று சொன்னதாக ஆகும். அதை அக்டோபரிலேயே சொல்வதா? ஒரு ஆட்டம்கூட ஆடாத பையன்களின் தலையில் மண்ணை அள்ளிப் போடுவதா? அவர் வாயால் சொல்லி அணி தோற்றுப்போனால் ஊர் அவரைச் சும்மா விடுமா?

"மார்ச் வரட்டும்மா, பாப்போம்" என்றார்.

டெஸ் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். நோரீன்தான் பேசினாள். "இருபத்தாறு வருஷமா வராத மார்ச்சு, இவருக்காக இப்ப வரப்போகுதாம். நூடுல்ஸ் ஆறுது, தின்னு."

மறுநாள் காலை, மேஜ் என்கிற பெண் நடத்தும் காபிக் கடையில் இந்தச் சேதி அவருக்கு முன்பாகவே வந்து உட்கார்ந்திருந்தது. மேஜ் கடையின் ஜன்னலோர மேஜை, கழுதை பக்தர்களின் மேஜை. அதற்குத் தலைவர் கார்லண்ட், ரிட்டையரான தபால்காரர், வெர்லினின் பள்ளிக்கூடத்து நண்பர். சீசன் முடியும்வரை அந்த மேஜையில் யாராவது அணியைப் பற்றிச் சந்தேகம் கிளப்பினால் அவர் எல்லாருக்கும் காபி வாங்கித் தரவேண்டும் என்பது கார்லண்ட் போட்ட சட்டம். ஒருவரும் சந்தேகமே கிளப்பாமல் அத்தனை வருஷமும் தோற்ற அணி உலகத்தில் வேறு எங்காவது இருக்குமா தெரியவில்லை.

அன்று பத்திரிகையில் கணிப்பு வந்திருந்தது. அவர்கள் ஆடும் வட்டாரத்துப் பத்து அணிகளில் கழுதைகளுக்கு ஒன்பதாவது இடம். முதல் காபிக்கு அது அவமானமாக இருந்தது. இரண்டாவது காபிக்குள், இவ்வளவு கீழே போட்டிருக்கிறான் என்றால் பத்திரிகைக்காரன் எதையோ பார்த்துப் பயந்திருக்கிறான் என்று ஆகிவிட்டது. மூன்றாவது காபியில் அதுவே நல்ல சகுனம். பத்தாவது இடம் கொடுத்திருந்தால் கோப்பையே கிடைத்த மாதிரி கொண்டாடியிருப்பார்கள்.

கார்லண்ட் வெர்லினை மேலும் கீழும் பார்த்தார். "ஏம்ப்பா, உன் வீட்டுலயே நம்பிக்கை இல்லாத ஆளு இருக்காமே. மண்டபம் எல்லாம் எடுத்தாச்சாமே."

மேஜை முழுக்க அவரையே பார்த்தது. காபி ஊற்ற வந்த மேஜும் நின்றுவிட்டாள். ஹீட்டர் பழுது பார்க்கும் மனுஷனுக்கு ஊரில் வேறு எங்கே இப்படி ஒரு சபை கிடைக்கும்? வெர்லின் நெஞ்சை நிமிர்த்தினார்.

"அந்தச் சனிக்கிழமை கழுதைங்க எங்கயோ, நான் அங்க. என் மேல கோபப்படாதீங்க."

மேஜையைத் தட்டினார்கள். ஒருவர் அவர் காபிக்குத் தானே காசு கொடுப்பதாகச் சொன்னார். வெர்லின் அன்று நான்கு வீட்டு ஹீட்டர்களைப் பாடிக்கொண்டே பற்றவைத்தார். அவர் சொன்னது அன்று மத்தியானம் மளிகைக்கடையில் நோரீன் காதில் விழுந்தது. நோரீன் வழியாக ஃபோர்ட் வேனுக்குப் போனது.

அடுத்த வாரம் கல்லூரி அரங்கில் முதல் பயிற்சியைப் பார்க்க ஊரை உள்ளே விட்டார்கள். பேண்டு வாத்தியம், சோளப்பொரி, கழுதை வேஷம் கட்டிய ஒரு மாணவன். வெர்லின் தன் இடத்தில் உட்கார்ந்திருந்தார். பதினோராவது வரிசை, ஒரு தூண் பாதிக் கூடையை மறைக்கும். அந்த இடத்துக்காக அவர் பல வருஷம் காத்திருந்தார். வைத்திருந்தவர் செத்த பிறகுதான் கிடைத்தது.

கோல்பி குனிந்து வாசலில் நுழைந்தபோது அரங்கமே எழுந்து நின்றது. பந்தை எடுத்துப் போட்டான். வளையத்தில் பட்டு வெளியே போனது. இன்னொன்று வளையத்தைத் தொடவே இல்லை. கையை நிதானப்படுத்திக்கொள்கிறான் என்றார் கார்லண்ட். பிறகு ஓடச் சொன்னார்கள். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு அவன் ஓடி வருவதற்குள் மற்றவர்கள் போய்த் திரும்பிவிட்டார்கள். முதல் நாளே முழுத் திறமையையும் எதிரிக்குக் காட்டக்கூடாது என்று பயிற்சியாளர் சொல்லியிருப்பார் என்றார் வெர்லின். கண்ணால் பார்த்ததை நம்பாமல் இருப்பதற்குப் பெரிய பயிற்சி வேண்டும். அது அவர்களுக்கு இருந்தது.

யாரோ தோளைத் தொட்டார்கள். டெஸ். வேலை முடிந்து நேராகக் காரோட்டி வந்திருந்தாள். ஆஸ்பத்திரிச் சட்டையைக்கூட மாற்றவில்லை. அவர் பக்கத்தில் ஒண்டி உட்கார்ந்தாள்.

"மேஜ் கடையில நீங்க சொன்னது உண்மையாப்பா?"

"சும்மா பேச்சுக்குச் சொன்னேம்மா."

"அப்போ என்கிட்ட வேற மாதிரிச் சொல்லுங்க. வரேன்னு சொல்லுங்க. நான் பொறந்தப்பத்தான் நீங்க இல்லை. அதை நான் ஒரு நாளும் கேட்டதில்லை."

அவர் திரும்பி மகளைப் பார்க்கத்தான் நினைத்தார். அந்த நேரம் பார்த்து கோல்பி பந்தோடு கூடையை நோக்கி வந்தான். வீடியோவில் பார்த்த அதே எம்பல். வெர்லின் கழுத்தைத் தூணுக்கு அந்தப் பக்கம் நீட்டினார். பக்கத்தில் கார்லண்ட் வேறு காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"மார்ச் வரட்டும்மா, பாப்போம்."

"சரிப்பா" என்றாள் டெஸ்.

கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து போனாள். மகள் ஒத்துக்கொண்டுவிட்டாள், பரவாயில்லை, விவரமான பெண் என்று வெர்லினுக்கு நிம்மதியாக இருந்தது. சரி என்று ஒரு பெண் சத்தம் போடாமல் சொல்லிவிட்டு எழுந்துபோனால் அதற்கு என்ன அர்த்தம் என்று, கல்யாணமாகி இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அந்த மனுஷனுக்குத் தெரிந்திருக்கவில்லை.

நவம்பரில் முதல் ஆட்டம், கழுதைகளை விடச் சின்னக் கல்லூரியோடு. தோற்றார்கள். நல்லவேளை, ஆரம்பத்திலேயே ஒரு அடி விழுந்தது, இனி பையன்கள் விழித்துக்கொள்வார்கள் என்றது ஜன்னலோர மேஜை. பையன்கள் விழிக்கவில்லை. கிறிஸ்துமஸுக்குள் கோல்பியின் உயரம் எதற்கும் உதவாது என்று எதிரணிகள் கண்டுபிடித்துவிட்டன. அவனைத் தடுக்கவேண்டியதில்லை, அவனைச் சுற்றி ஓடினால் போதும். ஜனவரியில் பயிற்சியாளரை மாற்றவேண்டும் என்றார்கள். பிப்ரவரியில் நடுவர்களை மாற்றவேண்டும் என்றார்கள். வெர்லின் எப்போதோ "அவனுங்க"வுக்கு மாறிவிட்டிருந்தார்.

அப்போதும் ஒரு சந்து திறந்திருந்தது. மார்ச் முதல் வாரம் பத்து அணிகளும் மோதும் ஒரு போட்டி உண்டு. அதில் ஜெயிப்பவர்கள், அதுவரை எவ்வளவு கேவலமாக ஆடியிருந்தாலும், நேராகத் தேசியப் போட்டிக்குப் போகலாம். இப்படி ஒரு விதியைப் போட்டவன் வெர்லின் மாதிரி ஆட்களை நன்றாக அறிந்தவன். அதுவரை கல்யாணத்தைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. கழுதைகள் முதல் ஆட்டத்திலேயே மண்ணைக் கவ்வின.

மறுநாள் காலை அவர் டெஸ்ஸுக்குப் போன் செய்தார். குரலில் ஒரு தாராளம் இருந்தது.

"டெஸ், நல்ல சேதி. நான் கல்யாணத்துக்கு வரேன்."

"தோத்துட்டாங்களாப்பா?"

"நேத்து."

"வாங்கப்பா. உங்களுக்கு முன்னாடியே இடம் போட்டிருக்கு. அம்மாதான் என்னைக் கூட்டிட்டு வராங்க."

"நான் இருக்கறப்ப அம்மா எதுக்கும்மா?"

"அக்டோபர்ல கேட்டப்ப நீங்க இருப்பீங்களான்னு தெரியலைப்பா. அதான் அம்மாகிட்ட கேட்டேன். அம்மா உடனே சரின்னுட்டாங்க."

அவர் சமையலறைக்குள் போய் நோரீனிடம் நியாயம் கேட்டார். நோரீன் தன் புது உடுப்பின் விளிம்பைத் தைத்துக்கொண்டிருந்தாள். ஊசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. இந்த உடுப்பை நவம்பரிலேயே வாங்கிவிட்டதாக மட்டும் சொன்னாள்.

மார்ச் மூன்றாம் சனிக்கிழமை சர்ச்சில் உட்கார இடமில்லை. ஊரே வந்திருந்தது. வராமல் வேறு என்ன செய்யும், ஒருவருக்கும் அந்த வாரம் வேறு வேலை இல்லையே. மேஜ் வந்தாள், கார்லண்ட் கழுதைப் படம் போட்ட டை கட்டி வந்தார். ஆண்டர்ஸின் நண்பன் ஒருவன் வெர்லினை முதல் வரிசையில், நடைபாதையை ஒட்டி உட்காரவைத்தான். மறைக்கத் தூண் இல்லை. அவ்வளவு நல்ல இடம் வாழ்நாளில் அவருக்கு எங்கும் கிடைத்ததில்லை.

ஆர்கன் வாசித்தார்கள். எல்லாரும் எழுந்து நின்றார்கள். நோரீன் டெஸ்ஸின் கையைத் தன் கைக்குள் கோத்துக்கொண்டு நடந்து வந்தாள். இருவரும் ஒரே மாதிரி நடந்தார்கள், ஒரே மாதிரி உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார்கள். வெர்லினைக் கடந்தபோது டெஸ் அவரைப் பார்த்துப் புன்னகைத்தாள். பக்கத்து வரிசைக்காரரைப் பார்த்தும் அதே புன்னகைதான். வெர்லினுக்கு வெட்கமாக இருந்தது, தாங்கமுடியாத துக்கமாக இருந்தது. அந்தக் கையைப் பிடிக்க அவருக்கு ஒரு வார்த்தைதான் விலை. ஆளில்லாத அரங்கில் குதித்த ஒரு பையனுக்காக அதைச் சொல்லாமல் விட்டோமே என்று அழுதார். இந்த அழுகையில் நடிப்பு இல்லை, அதை நான் ஒத்துக்கொள்கிறேன்.

விருந்தில் அவர் ஒரு முடிவோடு இருந்தார். டெஸ் பக்கத்தில் வந்ததும் மன்னிப்புக் கேட்டுவிடவேண்டும். மகளுடன் ஒரு நடனமாவது ஆடிவிடவேண்டும். சொல்லவேண்டியதை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே கேக்கைக் கிண்டிக்கொண்டிருந்தார். கார்லண்ட் நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டார்.

"சேதி தெரியுமா? லிதுவேனியாக்காரப் பசங்க ரெண்டு பேர் நம்ம அணிக்கு வராங்களாம். இரட்டைப் பிறவி. ரெண்டு பேரும் ஆறடி பத்து."

வெர்லின் ஒரு வாய் கேக் தின்றார். இன்னொரு வாய் எடுத்தார்.

"ஓடுவாங்களா?" என்று கேட்டார்.

"மான் மாதிரி ஓடுறாங்க. வீடியோ பாரு."

கார்லண்ட் போனை நீட்டினார். வெர்லின் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "இவனுங்க ரெண்டு பேரும் வந்து, கோல்பிக்கும் ஒரு வருஷம் அனுபவம் சேர்ந்தா, அடுத்த மார்ச்சுல நாங்க..."

சொல்லிக்கொண்டே நிமிர்ந்தார். டெஸ் நின்றுகொண்டிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. வெள்ளைக் கவுனின் நுனியை ஒரு கையில் தூக்கிப் பிடித்திருந்தாள். இன்னொரு கை அவரை நோக்கி நீண்டிருந்தது. அந்தக் கையை மெல்லக் கீழே இறக்கிக்கொண்டாள்.

"பேசிட்டிருங்கப்பா" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

வெர்லின் போனை மேஜையில் போட்டுவிட்டு எழுந்தார். அதற்குள் பாட்டு ஆரம்பித்துவிட்டது. தந்தையும் மகளும் ஆடுவதற்கென்று எடுத்துவைத்திருந்த பாட்டு. மண்டபத்தின் நடுவில் டெஸ் நோரீனின் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டு ஆடிக்கொண்டிருந்தாள். ஊர் வட்டமாகக் கூடி நின்று பார்த்தது. போவதா, வேண்டாமா என்று வெர்லின் மேஜைக்கும் நடனத்துக்கும் நடுவே கைகளைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றார்.

பின் மேஜையிலிருந்து யாரோ சொன்னார்கள். "மறைக்குது வெர்லின், கொஞ்சம் உட்காருப்பா."

அரங்கத்தில் பல தடவை கேட்டுப் பழகிய வார்த்தை. வெர்லின் உட்கார்ந்தார்.